எதிராளி எஞ்சின் வைத்து ஆடுகிறாரா? வாசகர் கேள்வி – பதில்

ஆன்லைன் செஸ்ஸில் எதிராளி கணினி உதவியோடு ஆடுகிறாரோ என்ற சந்தேகத்தைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழ் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். எஞ்சின் என்பது சிறந்த நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல். இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் ஒரு சாதாரண செல்பேசியில் ஓடினாலே உலக சாம்பியனைத் தோற்கடித்துவிடும். ஆகவே சந்தேகம் வருவது இயல்புதான். அதைச் சரிபார்க்க முறை இருக்கிறது.

கேள்வி: செஸ்.காம் தளத்தில் என் ரேபிட் (10 நிமிட வகை ஆட்டம்) ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்தைக் காட்டும் எண், 1150. அண்மையில் 1120 ரேட்டிங் உள்ள ஒருவரிடம் 22 மூவில் தோற்றேன். ரிவ்யூ (தளத்தின் ஆட்ட ஆய்வு) போட்டுப் பார்த்தால் அவருடைய அக்யூரசி 96, எனக்கு 61. 1120 ஆள் 96 எடுக்க முடியுமா? – வாசகர், திருச்சி

பதில்: முடியும். அடிக்கடி நடக்கிறது. அக்யூரசி, அதாவது நகர்வுகள் எஞ்சினின் தேர்வுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை நூற்றுக்குக் காட்டும் எண், ஆட்டக்காரரின் திறமையை மட்டும் அளப்பதல்ல. அந்த ஆட்டம் அவருக்கு எவ்வளவு கடினமான முடிவுகளைக் கொடுத்தது என்பதும் அதில் கலந்திருக்கிறது.

லிசெஸ் தளம் தன் கணக்கை வெளிப்படையாகவே வைத்திருப்பதால் அதை வைத்து விளக்குகிறோம். எஞ்சின் தரும் மதிப்பை அது முதலில் வெற்றி வாய்ப்பாக மாற்றுகிறது. ஒரு சிப்பாய் அளவு முன்னிலை என்றால் வெற்றி வாய்ப்பு சுமார் 59 சதவீதம். மூன்று சிப்பாய் என்றால் 75. ஐந்து என்றால் 86. எட்டு என்றால் 95. ஒரு நகர்வால் இந்த வாய்ப்பு எவ்வளவு இறங்கியது என்பதை வைத்தே அக்யூரசி கணக்கிடப்படுகிறது. சமநிலையில் இருக்கும்போது ஒரு குதிரையை (சுமார் மூன்று சிப்பாய் மதிப்பு) இழந்தால் 25 புள்ளி போய்விடும். எட்டு சிப்பாய் முன்னிலையில் இருப்பவர் அதே குதிரையை விட்டால் 9 புள்ளிதான் போகும். ஒன்பதாவது நகர்விலேயே நீங்கள் ஒரு காயை இழந்திருந்தால், அதன் பிறகு அவர் எதை ஆடினாலும் எண் பெரிதாக இறங்காது. செஸ்.காமின் கணக்கு வேறு, ஆனால் அடிப்படை இதுவே. உங்களுடைய 61தான் அவருடைய 96-ஐப் பெரும்பாலும் உண்டாக்கியது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் 25 நகர்வுக்குள் ஜெயித்த ஆட்டங்களில் ஐந்தை எடுத்து உங்கள் அக்யூரசியைப் பாருங்கள். ஒன்றிரண்டாவது 90-ஐத் தாண்டியிருக்கும்.

அவர் புதுக் கணக்கா என்பதையும் பாருங்கள். லிசெஸில் ரேட்டிங்கின் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அது இன்னும் நிலைக்கவில்லை என்று பொருள். 1800 பலம் உள்ள ஒருவர் புதிதாகக் கணக்குத் தொடங்கி உங்கள் ரேட்டிங்கைக் கடந்து மேலே போய்க்கொண்டிருக்கலாம்.

கேள்வி: அப்படியானால் ஒரு ஆட்டத்தைச் சரியாகச் சோதிப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள். – கல்லூரி மாணவர், கோவை

பதில்: முதலில் ஆட்டத்தின் பி.ஜி.என். கோப்பை (நகர்வுகள் எழுத்தாகப் பதிவான கோப்பு) எடுத்து, லிசெஸில் ‘இம்போர்ட் கேம்’ பகுதியில் ஒட்டி, கணினி ஆய்வு கேளுங்கள். கட்டணம் கிடையாது. செஸ்.காமிலிருந்து எடுத்த பி.ஜி.என்.-இல் ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகார நேரம் பதிவாகியிருக்கும். அது பின்னால் உதவும். ஆய்வுப் பலகையின் அமைப்பில், எஞ்சின் காட்டும் வரிசைகளின் (அது முதலாவது, இரண்டாவது என்று தரும் நகர்வுத் தேர்வுகளின்) எண்ணிக்கையை மூன்றாக வையுங்கள்.

அடுத்தது கழித்தல். செஸ் மோசடியைப் புள்ளியியலால் ஆராய்வதில் பெயர் பெற்ற கென்னத் ரீகன், அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர். தாமே சர்வதேச மாஸ்டர். முதல் எட்டு நகர்வுகளை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை, அவை மனப்பாடமாக இருக்கலாம் என்பதால். ஒரு பக்கம் மூன்று சிப்பாய்க்கு மேல் முன்னிலை பெற்ற பிறகு வரும் நகர்வுகளையும் விட்டுவிடுகிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஓப்பனிங்கில் (தொடக்க நகர்வுகளில்) நன்றாகத் தயாரான பிள்ளைகள் 12, 14 நகர்வு வரை ஒப்பிப்பார்கள். எனவே லிசெஸின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரை (முன்பு ஆடப்பட்ட தொடக்க நகர்வுகளின் தொகுப்பு) திறந்து, ஆட்டம் எந்த நகர்வில் வழக்கமான பாதையை விட்டு விலகியது என்று பார்த்து, அங்கிருந்து எண்ணத் தொடங்குவது இன்னும் நல்லது.

மிஞ்சியதில் வெட்டுக்கு வெட்டு, செக்கிலிருந்து தப்ப இருந்த ஒரே வழி, ராணி தாக்கப்பட்டதால் நகர்ந்தது ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். மூன்று வரிசையில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் பெரிய இடைவெளி இருந்து, அந்த முதல் நகர்வு யார் கண்ணுக்கும் தெரிவதாக இருந்தால் அதுவும் கணக்கில் வராது. இந்தக் கழித்தலுக்குப் பிறகு 34 நகர்வு ஆட்டத்தில் ஆறேழு நகர்வுதான் நிற்கும். அந்த ஆறும் எஞ்சினின் முதல் தேர்வாக இருந்தாலும்கூட ஒரே ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆகவே அவருடைய பக்கத்துக்குப் போய், அதே நேரக் கட்டுப்பாட்டில் அண்மையில் ஆடிய 20, 30 ஆட்டங்களை வரிசையாக எடுங்கள். வரிசையாக என்பது மிக முக்கியம். சந்தேகமாக இருப்பவற்றை மட்டும் பொறுக்கினால் யாரையும் குற்றவாளியாக்கிவிடலாம். 2023-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா பிளிட்ஸில் (சில நிமிட வேக ஆட்டம்) 46 ஆட்டங்களில் 45.5 புள்ளி எடுத்ததை முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் கேள்விக்கு உள்ளாக்கினார். நகமுரா ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் எதிராளிகளுடனான ரேட்டிங் இடைவெளியையும் வைத்துப் பார்த்தால் இத்தகைய தொடர்கள் எதிர்பார்க்கக் கூடியவையே என்று செஸ்.காம் பதில் சொன்னது. ஆயிரக்கணக்கில் ஆடுபவரின் கணக்கிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தால், அது எப்போதுமே நம்ப முடியாததாகத்தான் தெரியும்.

அந்த 20, 30 ஆட்டங்களில் எதைத் தேடுவது? தோல்விகளை முதலில் பாருங்கள். மனிதர்கள் தோற்கும் விதத்தில் அவர்களுடைய பலம் தெரியும். ஒரு கணக்கில் பாதி ஆட்டங்களில் இரண்டு நகர்வு தந்திரம்கூடத் தெரியாமல் யானையை விடுகிறார், மீதி பாதியில் 40 நகர்வு சிக்கலான மிடில் கேமில் ஒரு பிசகும் இல்லை, நடுத்தரமான ஆட்டம் என்று ஒன்றுகூடக் காணோம் என்றால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. அப்புறம், ஜெயிக்கும் நிலையில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒரு யானை கூடுதலாக இருக்கும்போது நாமெல்லாம் ராணியை ராணிக்கு மாற்றிச் சுலபமாக முடிப்போம். எஞ்சின் அப்படி நினைப்பதில்லை. பத்து நகர்வில் மேட் இருப்பதால் ராணியையே பலி கொடுக்கச் சொல்லும். எதிராளியின் தாக்குதலுக்கு நடுவே ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கிவைத்து, காரணம் ஐந்து நகர்வு கழித்துத் தெரிவதும் அப்படித்தான். இத்தகைய அமைதியான நகர்வு ஒன்று அகப்பட்டால் ஆச்சரியமில்லை. 1100 ரேட்டிங்கில் ஆட்டத்துக்கு மூன்று நான்கு, ஆட்டம் தவறாமல் வந்தால் ரிப்போர்ட் செய்யலாம்.

கேள்வி: என் எதிராளி ஒவ்வொரு நகர்வுக்கும் 6, 7 வினாடி எடுத்துக்கொள்கிறார். வெட்டினால் திரும்ப வெட்டுவதற்கும் 6 வினாடி, கடினமான நிலைக்கும் 6 வினாடி. இது போதுமா? – வாசகர், சேலம்

பதில்: அக்யூரசியைவிட நல்ல தடயத்தைப் பிடித்திருக்கிறீர்கள். மனிதர் திரும்ப வெட்டுவதற்கு ஒன்றிரண்டு வினாடிதான் எடுப்பார். 10 நிமிட ஆட்டத்தில் நிலை சிக்கலாகும்போது 30, 40 வினாடி மூழ்கிவிடுவார். எஞ்சின் வைத்திருப்பவர் உங்கள் நகர்வைப் பார்த்து, வேறொரு திரையில் அதைச் செய்து, பதில் வரும்வரை காத்திருந்து, இங்கே வந்து ஆட வேண்டும். அந்தச் சுற்றுக்கு எளிய நகர்வானாலும் கடினமானதானாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். லிசெஸில் ஆட்டத்தின் கீழே நகர்வு நேரங்களை வரைபடமாகவே காட்டும். மேடு பள்ளமின்றி ஒரே உயரத்தில் கம்பிகள் நின்றால் சந்தேகம் நியாயமானது.

ஆனாலும் போதாது. புதிதாக ஆடுபவர்கள் சிலர் எல்லா நிலையிலும் ஒரே வேகத்தில் ஆடுவார்கள், ஏனென்றால் எது கடினமான நிலை என்பதே அவர்களுக்கு இன்னும் தெரியாது. பேருந்தில் உட்கார்ந்து செல்பேசியில் ஆடுபவருக்கு நெட்வொர்க் தாமதம் ஒவ்வொரு நகர்விலும் சேரும். ஆகவே நேரத்தையும் தரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே சீரான நேரம், அதோடு தவறே இல்லாத கடினமான நகர்வுகள், அதுவும் ஆட்டத்துக்கு ஆட்டம் என்றால் சந்தேகம் வலுக்கிறது.

இன்னொரு இடம் கடிகாரத்தின் கடைசி 20 வினாடி. கையால் மாற்றி மாற்றிப் பார்க்கிறவருக்கு அங்கே நேரம் கிடையாது. அதுவரை பிசகே இல்லாமல் ஆடியவர் அந்த நொடியிலிருந்து காய்களை வாரி விடுகிறார் என்றால், நேர நெருக்கடியில் எல்லோரும் தடுமாறுவதைவிடச் சரிவு செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரில் தானாக இயங்கும் நிரல்களை வைத்திருப்பவர்களிடம் இந்தச் சரிவு தெரியாது. அவை நேரத்தையும் வேண்டுமென்றே ஏற்றி இறக்கும். அவர்களைப் பிடிப்பது தளத்தின் வேலை, நம்மால் ஆகாது.

கேள்வி: தளங்களுக்கு நம்மைவிட அதிகமாக என்ன தெரியும்? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆட்டத்தின் நடுவே உங்கள் பிரவுசர் ஜன்னலை விட்டு வேறொன்றுக்குப் போனால் லிசெஸ் அதைப் பதிவு செய்கிறது. எந்தெந்த நகர்வுக்கு முன் போனீர்கள் என்பதை அதன் மாடரேட்டர்கள் பார்க்க முடியும். செஸ்.காம் 2022 அக்டோபரில், ஏமாற்றியதாகச் சந்தேகிக்கப்பட்ட அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமன் குறித்து வெளியிட்ட 72 பக்க அறிக்கையிலும், வேறு திரைக்குப் போய் வந்த பிறகு நகர்வின் தரம் உயர்ந்ததா என்பது ஒரு சான்றாக இடம்பெற்றது. லிசெஸ், சந்தேகக் கணக்குகளை முதல் கட்டமாகப் பிரிக்க ‘இர்வின்’ என்ற செயற்கை நரம்புவலை நிரலை உருவாக்கி, அதன் மூலநிரலையும் வெளியிட்டது.

இத்தனை இருந்தும் தளங்கள் அவசரப்படாததற்குக் காரணம் எண்ணிக்கை. லிசெஸில் மட்டும் மாதத்துக்குச் சுமார் 9 கோடி ரேட்டட் ஆட்டங்கள் (ரேட்டிங்கை ஏற்றி இறக்கும் ஆட்டங்கள்) நடக்கின்றன. ஒரு லட்சம் நேர்மையான ஆட்டங்களில் ஒன்று தற்செயலாக எஞ்சின் ஆடியதுபோல் அமைகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, மாதம் 900 அப்பாவி ஆட்டங்கள் சிக்கும். உங்களுக்கு நடந்த ‘லட்சத்தில் ஒன்று’ யாரோ ஒருவருக்குத் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆட்டத்தில் ஒரே ஒரு முறை எஞ்சினைப் பார்ப்பவரைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதும் உண்மை. கிராண்ட்மாஸ்டர் நிலையில் ஒரே ஒரு குறிப்பு ஆட்டத்தை முடித்துவிடும். 1200 நிலையில் அப்படி அல்ல. எஞ்சின் சொன்ன ஒரு நகர்வு உண்டாக்கும் நிலையை அடுத்து எப்படி ஆடுவது என்று தெரியாமல் திரும்பவும் எஞ்சினிடம் போக வேண்டிவரும். அமெச்சூர்கள் அதிகம் சிக்குவது இதனால்தான்.

கேள்வி: ரிப்போர்ட் செய்தால் ஏதாவது நடக்கிறதா? பதிலே வருவதில்லை. – வாசகர், நாகர்கோவில்

பதில்: விசாரணையின் விவரத்தை எந்தத் தளமும் உங்களுக்குச் சொல்லாது. இரண்டு தளங்களிலும் எதிராளியின் பக்கத்திலேயே ரிப்போர்ட் வசதி இருக்கிறது. ஏமாற்று என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, ஆட்டத்தின் இணைப்பைக் கொடுங்கள். ஒன்றைவிட மூன்று இணைப்பு நல்லது. ‘இவன் திருடன்’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘17 முதல் 29 வரையிலான நகர்வுகளும் அவற்றின் நேரமும்’ என்று எழுதினால் பார்ப்பவருக்கு உதவும். கணக்கு மூடப்பட்டால் அண்மையில் அவரிடம் நீங்கள் இழந்த ரேட்டிங் திரும்ப வரும், அறிவிப்பும் வரும். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரிப்போர்ட் போடாதீர்கள். 200 புள்ளி குறைந்தவர்கூட நூறு ஆட்டத்தில் சுமார் 24 புள்ளி எடுப்பார் என்பதுதான் ரேட்டிங் கணக்கு.

கேள்வி: என் 13 வயது மகனின் கணக்கை விதிமீறல் என்று மூடிவிட்டார்கள். செய்யவில்லை என்று அழுகிறான். நம்புவதா, கண்டிப்பதா என்று தெரியவில்லை. – ஒரு தாய், ஈரோடு

பதில்: அம்மா, முதல் நாள் இரண்டும் வேண்டாம். நடந்தது என்ன என்று கேட்பதற்கு முன், எதெல்லாம் விதிமீறல் என்பதை அவனோடு உட்கார்ந்து படியுங்கள். பல பிள்ளைகள் எஞ்சின் மட்டும்தான் தவறு என்று நினைக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் சொல்லிக்கொடுப்பதும், பயிற்சியாளர் போனில் ஒரு நகர்வு சொல்வதும், அவனுடைய கணக்கில் வேறொருவர் ஆடுவதும் விதிமீறலே. ஆட்டம் நடக்கும்போதே இன்னொரு டேபில் அந்த நிலையை வைத்து ஆராய்வதும் அப்படியே. நகர்வைச் சொல்லும் எக்ஸ்டென்ஷன் யாராவது வீட்டுக் கணினியில் போட்டிருக்கிறார்களா என்று பிரவுசரைத் திறந்து பாருங்கள்.

பிறகு அவன் ஜெயித்த ஆட்டங்களில் நான்கைந்தைப் பலகையில் வைத்து, ‘இங்கே என்ன யோசித்தாய் கண்ணா?’ என்று கேளுங்கள். மிரட்டும் குரலில் கேட்டால் தெரிந்ததையும் மறந்துவிடுவான். அவனே யோசித்து ஆடியிருந்தால் தப்பான காரணமாவது சொல்வான். எந்தக் காரணமும் இல்லாத அழகான நகர்வுகள் தொடர்ந்து வந்தால், உண்மையைச் சொல்ல அவனுக்கு இடம் கொடுங்கள்.

செய்யவில்லை என்று உங்களுக்கு உறுதியானால் மேல்முறையீடு செய்யுங்கள். இரண்டு தளங்களிலும் அதற்கு வழி உண்டு. கோபமின்றிச் சுருக்கமாக எழுதுங்கள்; வீட்டில் வேறு யார் அந்தக் கணக்கைப் பயன்படுத்தினார்கள் என்பதையும் மறைக்காதீர்கள். செய்திருந்தால் ஒப்புக்கொண்டு எழுதுவதே நல்லது. ஒப்புக்கொள்பவர்களுக்குச் செஸ்.காம் இன்னொரு வாய்ப்புத் தருவதுண்டு. எப்படியானாலும் சொல்லாமல் புதுக் கணக்குத் தொடங்க விடாதீர்கள். அதையும் மூடுவார்கள், முதல் முறையீடும் பலவீனமாகும்.

ரேட்டிங் ஏறவில்லை என்று வீட்டிலோ வகுப்பிலோ தினமும் கேட்கிறோமா என்பதையும் யோசியுங்கள். பிள்ளைகள் எஞ்சினைத் திறப்பதற்குப் பெரும்பாலும் அந்தக் கேள்விதான் காரணம்.

கேள்வி: ஒரு நகர்வுக்கு மூன்று நாள் தரும் ஆட்டங்களில் புத்தகம் பார்க்கலாமா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஓப்பனிங் புத்தகமும் எக்ஸ்ப்ளோரரும் பார்க்கலாம். எஞ்சின் கூடாது, எண்ட்கேம் டேபிள்பேஸும் (சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்குச் சரியான விடை தரும் தரவுத்தளம்) கூடாது. சர்வதேச அஞ்சல் செஸ் கூட்டமைப்பான ஐ.சி.சி.எஃப். நடத்தும் போட்டிகளில் எஞ்சினுக்கு அனுமதி உண்டு. அது வேறு உலகம்.

கேள்வி: ரேட்டிங் இல்லாத, நட்புக்காக ஆடும் ஆட்டத்தில்கூடத் தவறா? – வாசகர், புதுச்சேரி

பதில்: எதிராளிக்குத் தெரியாமல் உதவி வாங்கினால் தவறுதான். 2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடினார். அதில் அவரை ஜெயித்த தொழிலதிபர் நிகில் காமத், கணினி உதவியும் பிறர் உதவியும் பெற்றதாக மறுநாளே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மூடப்பட்ட அவர் கணக்கு, ரேட்டிங் இல்லாத ஆட்டம் என்பதால் பிறகு திறக்கப்பட்டது. ஆனாலும் பலகையில் இருந்த நிலையை ஆனந்த் தாமே யோசித்து ஆடினார், எதிரிலும் அதையே எதிர்பார்த்தார். நிதி திரட்டும் ஆட்டமானாலும் அந்த எதிர்பார்ப்பு நியாயமானது.

கேள்வி: எங்கள் பள்ளியில் 60 மாணவர்களுக்கு ஆன்லைன் போட்டி நடத்துகிறோம். முன்னேற்பாடு என்ன? – உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர்

பதில்: மூன்று நிமிடமும் நகர்வுக்கு இரண்டு வினாடியும் வைத்தால் ஏமாற்றுவது கடினம்தான். சிறு பிள்ளைகளுக்கு அது ஆட்டமாக இருக்காது. ஐந்து நிமிடமும் மூன்று வினாடியும் நல்ல நடுவழி. ஒவ்வொருவரும் ஜூமில் திரையைப் பகிர வேண்டும். இரண்டாவது செல்பேசியைப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் வைத்து, திரையும் இரு கையும் முகமும் ஒரே காட்சியில் தெரியச் செய்யுங்கள். முன் கேமரா மட்டும் இருந்தால் மடியில் இருக்கும் போன் தெரியாது. ஒலி திறந்திருக்க வேண்டும், ஹெட்போன் கூடாது. ஒரு கண்காணிப்பாளருக்கு 15 பேருக்கு மேல் ஒப்படைக்காதீர்கள். இரண்டு போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக் கணினி அறைக்கே வரச் சொல்லுங்கள். வசதி இல்லாததால் ஒரு பிள்ளையின் மேல் சந்தேகம் விழக் கூடாது.

லிசெஸில் போட்டி அமைக்கும்போது, சேர்வதற்குக் குறைந்தபட்ச ரேட்டட் ஆட்டங்கள் என்று ஒரு நிபந்தனை வைக்கலாம். 20 வையுங்கள். அன்றைக்குத் தொடங்கிய கணக்குகள் தானாக விலகும், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஆட்டங்களும் கிடைக்கும். யூடியூபில் ஒளிபரப்பினால் 15 நிமிடம் தாமதித்து ஒளிபரப்புங்கள்.

முடிவை அன்றே இறுதியாக்காதீர்கள். ‘72 மணி நேரத்துக்கு இது தற்காலிக முடிவு’ என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். புகார்களை மூன்று பேர் பார்க்கட்டும். புகார் கொடுத்த பிள்ளையின் பயிற்சியாளர் அதில் இருக்கக் கூடாது. ஒருவரின் முடிவை மாற்ற நேர்ந்தால் பட்டியலை மட்டும் திருத்துங்கள். காரணத்தைப் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெயரைப் போடவே வேண்டாம்.

கேள்வி: எதிராளி எஞ்சின்தான் என்று நடுவிலேயே தோன்றிவிட்டால் ஆட்டத்தை விட்டுவிடலாமா? – வாசகர், மதுரை

பதில்: சாட்டில் எதுவும் எழுதாமல் ஆடி முடியுங்கள். தோல்வி நிச்சயமானால் ரிசைன் கொடுங்கள். கடிகாரத்தை ஓடவிட்டு எழுந்து போனால் விதிமீறல் உங்கள் பெயரில் பதிவாகும். முடிந்ததும் ரிப்போர்ட் செய்து, அவரை பிளாக் செய்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் திரையை விட்டு எழுந்திருங்கள். சந்தேகத்தோடு தொடங்கும் ஆட்டத்தில் எதிராளியின் ஒவ்வொரு நல்ல நகர்வும் எஞ்சினாகவே தெரியும்.